பல்செட் பராமரிப்புப் பிரிவு, ஜன்னல் எண் இரண்டு

ரேடியோ அக்கா ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை என்ற செய்தியை எங்கள் தெரு நம்ப மறுத்தது. இடுப்பெலும்பு முறிந்ததைச் சுலபமாக நம்பியது. துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி, மேல்வீட்டுக்காரியிடம் ஒரு விஷயத்தை விவரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினால் எந்த எலும்புதான் முறியாது? விழுந்த பிறகும் அந்த விஷயத்தை முடித்துவிட்டுத்தான் "ஐயோ" என்றாளாம். மேல்வீட்டுக்காரியே சொன்னாள். அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வாரமாகக் கிடக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

ரேடியோ என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவளுக்கு அதில் கோபமுமில்லை. "ரேடியோவுக்காவது நிறுத்துறதுக்கு ஒரு திருகு இருக்கும்" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். நாற்பத்தொரு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த ரேடியோவைக் கேட்டவர் அவள் புருஷன், டெய்லர். வாசலறையில் தையல் மிஷினை மிதித்தபடியே கேட்பார். பதிலுக்கு ஒரு "ம்". ஆச்சரியத்துக்கு ஒரு "ம்", அனுதாபத்துக்கு ஒரு "ம்", காதில் விழாததற்கு ஒரு "ம்" என்று வகைவகையாக வைத்திருந்தார். எது எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

அதற்காக டெய்லர் பேசவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. பேசுவார். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் பற்கள் எல்லாம் விடைபெற்றுக்கொண்டு போய், மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்று பல்செட் வந்தது. அது வாயில் இருக்கும்வரை அக்காவுக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. வெளியே எடுத்துவிட்டாலோ அதைப் பார்க்கவே கூச்சம். சாப்பாடு முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் நீட்டுவாள். டெய்லர் வாங்கிக்கொள்வார். கழுவும் தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுவார். கை தவறினாலும் உடையக் கூடாது அல்லவா? மெதுவான பிரஷ்ஷில் சாதாரண சோப்பைத் தொட்டு, ஈறு உட்காரும் பள்ளத்தையும் கடைவாய் இடுக்கையும் விடாமல் தேய்ப்பார். பற்பசை ஆகாது, கீறிவிடும். வெந்நீர் ஆகவே ஆகாது, வளைந்துவிடும். செட் செய்து கொடுத்தவர் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நைலான் துணியில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த மனுஷனுக்கு இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை.

அந்தப் பத்து நிமிஷம் அக்கா பேச மாட்டாள். ஆகவே டெய்லர் பேசுவார்.

"அந்த பேங்க்காரர் இடுப்பு இன்னும் ஒரு இஞ்சு ஏறிப்போச்சு. ஒத்துக்க மாட்டேங்கிறார். டேப்புதான் சுருங்கிடுச்சாம்."

சுவர்ப்பக்கம் திரும்பிய அக்காவின் தோள் குலுங்கும்.

"நானும், 'ஆமா சார், மழைக்காலத்துல சுருங்கும்'னு சொல்லிட்டேன்."

தோள் இன்னும் குலுங்கும். பிறகு முதுகுக்குப் பின்னால் கை வரும். செட் வாயேறியதும், "கொன்னுட்டீங்க போங்க. இப்போ நான் சொல்றேன் கேளுங்க, இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு" என்று ஆரம்பிப்பாள். விளக்கை அணைக்கும்போதுதான் செட் தண்ணீர்க் குவளைக்குள் போகும். சுவர்கள் மெல்லிசு. ஆகவே இதெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆபரேஷனுக்கு முன்னால், வழக்கம்போல, பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்ப முடியாததால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றினாள். நர்ஸ் அதை ஒரு டப்பாவில் போட்டு, 146 என்று எண் ஒட்டினாள். வெள்ளைத் தள்ளுவண்டி ஒன்று வந்து டப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் அக்கா கண்ணைத் திறந்ததும் ஒரு கையால் வாயைப் பொத்தினாள். மறு கையை டெய்லர் பக்கம் நீட்டினாள். நாற்பத்தொரு வருஷத்தில் டெய்லருக்கு இவ்வளவு தெளிவாக ஒன்றும் புரிந்ததில்லை. நர்ஸிடம் போய்க் கேட்டார்.

"அது இனிமே எங்க கையில இல்லப்பா" என்றாள் நர்ஸ். நல்ல பெண், சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிரிவுக்குப் போயிடுச்சு."

"எந்தப் பிரிவு?"

"பல்செட் பராமரிப்புப் பிரிவு. கீழ்த்தளத்துல ரெண்டாம் நம்பர் ஜன்னல். போன வருஷம் மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வந்தவங்க ஒரு பல்செட்ல பருக்கை ஒட்டியிருந்ததைப் பாத்துட்டாங்க. அதிலேருந்துதான்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி எழுந்து உட்கார்ந்தாள். அவள் வாயில் ஈறு மட்டும்தான். "நான் பல்லே கட்டிக்கலை. அதனால என் பல்லு ஒண்ணும் காணாமப் போகலை" என்றாள் பெருமையாக.

இரண்டாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அறை, ஆஸ்பத்திரியிலேயே மிகச் சுத்தமான அறை. ஆபரேஷன் அறையைவிடச் சுத்தம் என்று பின்னால் டெய்லரே சொன்னார். கண்ணாடி அலமாரிகளில் வரிசை வரிசையாகக் குவளைகள். குவளைக்கு ஒரு பல்செட், பல்செட்டுக்கு ஒரு எண், எண்ணுக்குக் கீழே அன்றைய மதிப்பெண். இருநூறு வாய்கள் ஒரே சமயத்தில் இளித்துக்கொண்டிருந்தன. ஒன்றும் பேசவில்லை.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா மரியாதையான மனிதர். டெய்லரை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் நிற்கச் சொன்னார்.

"நூத்து நாப்பத்தாறு தானே? கவலையே படாதீங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை கழுவுறோம். நேத்து தொண்ணூத்தெட்டு, இன்னைக்கு நூத்துக்கு நூறு. நீங்க வீட்டுல பாத்துக்கிட்டா இப்படி வருமா?"

"வராது சார். அதைக் குடுத்தீங்கன்னா அவ போட்டுக்குவா."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "போட்டுக்குவாங்களா?"

"ஆமா சார்."

"வாயிலயா?"

"ஆமா."

"போட்டா அழுக்காயிடுமே" என்றார் குமாஸ்தா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீங்களே யோசிங்க. வாய்க்குப் போன எந்தப் பல்லும் நூறோட திரும்பி வந்ததில்லை. அதனாலதான் அத்தியாவசியப் பயன்பாடு இருந்தா மட்டும் வெளியே விடுறோம்."

"சாப்பிடணும் சார். டாக்டர் நல்லா சாப்பிட்டாத்தான் எழுந்து நடக்க முடியும்னு சொல்றார்."

"பல்லு இல்லாதவங்களுக்குக் கஞ்சி எழுதியிருக்கே. கஞ்சிக்கு எதுக்குப் பல்லு?"

"பல்லு இருந்தா ரொட்டி சாப்பிடுவா."

"பல்லுதான் இல்லையே?"

டெய்லர் அந்தப் பேச்சைத் துணிபோல் பிரித்துப் பார்த்தார். அளவெடுத்தது சரி, வெட்டியது சரி, ஆனால் சட்டை மட்டும் இரண்டு முதுகோடு வந்திருக்கிறது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பேசணும் சார்" என்றார் கடைசியாக. "அவ பேசாம இருக்க மாட்டா."

"பேசுறது மருத்துவத் தேவையில வராதுங்க. வந்தாலும் அதுக்கு ஒரு வழிமுறை இருக்கு. பல்லோட உரிமையாளர் யாரோ அவங்களே நேர்ல வந்து, தெளிவான குரல்ல, பல் வேணும்னு கேக்கணும். கணவர், மகன், மகள் இவங்க கேட்டா ஏத்துக்க முடியாது. யாரோ வந்து யார் பல்லை வேணும்னாலும் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா?"

"எடுத்துட்டுப் போய் என்ன சார் பண்ணுவாங்க?"

"அதைத்தான் எங்களாலயும் கண்டுபிடிக்க முடியலை. அதனால இன்னும் ஜாக்கிரதையா இருக்கோம்."

டெய்லர் படியேறி வந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பொத்திய கைக்குமேல் இரண்டு கண்களும் அகலமாகின. பல் மட்டும் இருந்திருந்தால் ரேடியோவில் அன்று அது தலைப்புச் செய்தி. ஒரு மாதத்துக்கு ஓடியிருக்கும். இப்போது கண்ணோடு நின்றுவிட்டது.

கஞ்சி வந்தது. வார்டில் முப்பது பேர் பார்க்க வாயைத் திறக்க அக்கா சம்மதிக்கவில்லை. டெய்லர் தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே அவள் ஸ்பூனால் நாலு வாய் குடிப்பாள். ஐந்தாவது வாய்க்குள் அவருக்குக் கை கடுத்துவிடும். துண்டு கொஞ்சம் தாழும். ஸ்பூன் கீழே வந்துவிடும். இப்படியே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்பூன் என்று டெய்லர் மனத்துக்குள் வைத்துக்கொண்டார். அது பத்தாயிற்று. பிறகு ஏழாயிற்று. கை வளையல் முழங்கைவரை ஏறியது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அக்கா பேசவில்லை என்றால் டெய்லரின் முறை அல்லவா? பார்வையாளர் நேரம் மூன்று மணி நேரம். டெய்லர் பத்து நிமிஷம் பேசுவார். பேங்க்காரர் பேன்ட், பட்டன் வைக்க மறந்த சட்டை எல்லாம் சொல்லி முடித்துவிடுவார். அதற்குமேல் அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. மீதி இரண்டு மணி ஐம்பது நிமிஷம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தினமும் இரண்டாம் நம்பர் ஜன்னலில் போய் நின்றதில் ஒரு பலன் கிடைத்தது. இடுப்பெலும்பு முறிந்தவர் படியிறங்கி வர முடியாது என்பதைப் பிரிவு, ஒரு வாரம் பரிசீலித்து, ஏற்றுக்கொண்டது. எனவே ஜன்னலே கட்டிலுக்கு வந்தது. அதாவது, கோரிக்கைப் பதிவு அலுவலர் என்று ஒருவர், கையில் ஒரு அட்டையும் பின்னால் இரண்டு சாட்சிகளுமாக வந்தார். அட்டையின் நடுவில் ஜன்னல்போல் சதுரமாக ஓட்டை வெட்டியிருந்தது. அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் பேசினார்.

"உரிமையாளர் அவர்களே, உங்களுக்குப் பல் வேணுமா? தெளிவான குரல்ல சொல்லுங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பலமாகத் தலையாட்டினாள். தலையணை நகர்ந்தது.

"தலையாட்டுறது சைகை. சைகை வேற பிரிவு."

"பல்லு இல்லாம வாயத் திறக்க மாட்டா சார்" என்றார் டெய்லர்.

"குடுத்தா திறப்பாங்கல்ல?"

"அதைத்தான் சார் நான் கேக்குறேன்."

"நீங்க கேக்கக் கூடாது. அவங்க கேக்கணும்."

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தை" என்று டெய்லர் குனிந்து கெஞ்சினார். "'குடுங்க'ன்னு சொல்லிடு. ஒரு தடவைதான். நான் துண்டு பிடிச்சுக்கிறேன். யாரும் பாக்க மாட்டாங்க."

அக்காவின் கை வாயிலிருந்து ஒரு விரற்கடை விலகியது. அலுவலர் நன்றாகக் கேட்பதற்காக அட்டையோடு குனிந்தார். சாட்சிகளும் குனிந்தார்கள். பக்கத்துக் கட்டில் கிழவியும் எட்டிப் பார்த்தாள். கை மறுபடி இறுகிவிட்டது. அவள் கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி, பொத்திய விரல்களுக்கிடையில் போய் மறைந்தது.

அலுவலர் எழுதினார்: உரிமையாளர் கோரிக்கை எதுவும் எழுப்பவில்லை. சாட்சிகள் கையெழுத்திட்டார்கள்.

டெய்லருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாததால் கண்காணிப்பாளரைப் பார்க்க எழுதிக்கொடுத்துவிட்டு, நடைவழிப் பெஞ்சில் ஒன்றரை நாள் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் அறையில் பெரிய வெள்ளிக் கேடயம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பல்செட் பொறித்திருந்தது.

"பெரியவரே, நீங்க தினம் வர்றதைக் கேள்விப்பட்டேன்" என்றார் கண்காணிப்பாளர். "சந்தோஷம். பல்லு மேல அக்கறை உள்ள குடும்பத்தைப் பாக்கறதே அபூர்வம். ஒரு காலத்துல இங்க என்ன நிலைமை தெரியுமா? நோயாளிங்க பல்லை வாயிலேயே வச்சிருந்தாங்க! அதோட சாப்பிட்டாங்க, அதோட இருமினாங்க. சொல்லவே கூசுது. நான் பொறுப்பேத்த பதினொரு மாசத்துல ஒரு பல்லுகூட அழுக்காகலை. ஏன்? ஒரு பல்லுகூட வெளியே போகலை."

"என் வீட்டுக்காரி இளைச்சுக்கிட்டே போறா சார்."

"நோயாளிங்க இளைப்பாங்க, பெருப்பாங்க, வருவாங்க, போவாங்க. அதை வச்சு ஒரு நிர்வாகத்தை மதிப்பிட முடியாது. பல்லு அப்படியில்லை. அது நிலையானது. வாங்க, காட்டுறேன்."

அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். உள்ளே கையுறை போட்ட நால்வர் ஒரு பெரிய எஃகுத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தொட்டியிலிருந்து ஆவி எழும்பியது. டெய்லர் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றார்.

"அது வெந்நீரா சார்?"

"எண்பது டிகிரி. ஒரு கிருமி தப்பாது."

"வளைஞ்சிடுமே! பச்சைத் தண்ணியில, இல்லைன்னா கை பொறுக்கற வெதுவெதுப்புல தான் கழுவணும். செட் செஞ்சவரே சொன்னார் சார். வளைஞ்சா வாயில உக்காராது!"

கண்காணிப்பாளர் மதிப்பெண் அட்டையை எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டினார். "கறை, இருபத்தஞ்சு. வாடை, இருபத்தஞ்சு. படிவு, இருபத்தஞ்சு. பளபளப்பு, இருபத்தஞ்சு. வளைவுக்கு எங்கயும் மார்க் இல்லை பாருங்க. இருந்தா கவனிச்சிருப்போம்."

"வாயில பொருந்தணும்ல சார்?"

"வாய் எங்க அதிகாரத்துக்குள்ள வராது" என்றார் கண்காணிப்பாளர், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

அன்று மாலை டெய்லர் அக்காவிடம் வெந்நீரைப் பற்றிச் சொல்லவில்லை. பேங்க்காரர் பேன்ட்டைப் பற்றியே இரண்டாம் தடவை சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து ஊசி குத்திக் காய்த்துப்போன விரலை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

பல்செட் அவளுக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் நாள். கோரிக்கையால் அல்ல. ஆய்வுக் குழு மறுபடி வந்தது. குழுத் தலைவர் அலமாரிகளைப் பார்த்து அசந்துபோய், கை கொடுத்து, கிளம்பும்போது வாய் தவறி ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: "பயன்பாட்டுல இருக்கற ஒண்ணைப் பாக்கலாமா? ஒரு போட்டோவுக்கு."

பயன்பாட்டில் ஒன்றுகூட இல்லை. பிறகு குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்தது. "நூத்து நாப்பத்தாறு சார். அந்தம்மாவோட வீட்டுக்காரர்தான் தினம் கேட்டுக்கிட்டே இருந்தார்."

பல்செட் ஊர்வலமாக வந்தது. முன்னால் கண்காணிப்பாளர், அடுத்து வெள்ளைத் துணி போட்ட தட்டில் 146, அதற்குப் பின் குழு, போட்டோக்காரர், படுக்கை விரிப்பை அவசரமாக இழுத்துவிட இரண்டு பேர். அக்கா தட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றாள். பத்தொன்பது நாளில் அப்படி ஒரு வெளிச்சத்தை டெய்லர் அந்த முகத்தில் பார்க்கவில்லை. அவர் துண்டை விரித்துத் திரையாகப் பிடித்தார். வெந்நீர் விஷயத்தை அவர் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

திரைக்குப் பின்னால் அவள் மேல்செட்டை வைத்தாள். அது ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் தூக்கியது. அழுத்தினாள். தூக்கிய பக்கம் உட்கார்ந்தது, உட்கார்ந்த பக்கம் தூக்கியது. கீழ்செட் நாக்கை இடித்துக்கொண்டு கட்டையாக நின்றது. இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை.

"ஆச்சா?" என்றார் கண்காணிப்பாளர் வெளியிலிருந்து.

துண்டு இறங்கியது. அக்காவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

அக்கா உதட்டைப் பிரித்தாள். மேல்செட் சரிந்து கீழ்செட்டின்மேல் டக்கென்று விழுந்தது. குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாப் போதும்" என்றார் கண்காணிப்பாளர். "பல்லு உள்ளே இருக்குன்னு கீழே எழுதிடலாம்."

அப்படியே எடுத்தார்கள். கைதட்டினார்கள். போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் தட்டை மறந்துவிட்டார்கள்.

வார்டு காலியானதுபோல் இருந்தது. அக்கா இரண்டு செட்டையும் வெளியே எடுத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறாள். கடையில் புதிதாக வாங்கியதுபோல் மின்னிக்கொண்டிருந்தது. டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏங்க" என்றாள்.

காற்றுக் கலந்த, வழவழத்த குரல். அவளுடையதுதான்.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தைச்சுக் குடுக்க முடியுமா?"

டெய்லருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதி வழியில் வேறு ஏதோவாக மாறி, துண்டு அவர் முகத்துக்குப் போயிற்று. "ரெண்டு பக்கமும் பிடிச்சு விடணும்போல இருக்கு" என்றாள் அக்கா மறுபடி. வாயைப் பொத்தவில்லை. முப்பது கட்டிலும் பார்த்தன. பார்க்கட்டுமே என்பதுபோல் ஈறு தெரியச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் கிழவி, "வா வா, நம்ம கட்சிக்கு வந்துட்டியா" என்றாள்.

அப்புறம் ரேடியோ நிற்கவில்லை. அட்டைக்காரர் முகத்தை ஜன்னலுக்குள் வைத்துக்கொண்டதில் ஆரம்பித்தாள். எந்த நர்ஸுக்கு யார்மேல் கோபம், பதினேழாம் கட்டிலுக்கு வரும் இரண்டு மருமகள்களும் ஏன் ஒரே நாளில் வருவதில்லை, தண்ணீர்த் தொட்டிமேல் தினமும் ஏறும் ஆள் அங்கே என்ன செய்கிறான், எல்லாம் பத்தொன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. டெய்லர் தன் "ம்"களையெல்லாம் செலவழித்தார். நடுவில் நர்ஸ் கொண்டுவந்த கஞ்சியைத் திரையில்லாமலே ஒரு கிண்ணம் குடித்தாள், குடிக்கும்போதும் பேசினாள்.

மணி அடித்தது. பார்வையாளர்கள் கிளம்ப வேண்டும்.

"முக்கியமானதை இன்னும் சொல்லலை" என்றாள் அக்கா. களைத்துப்போயிருந்தாள். "பரவால்ல, போங்க. மீதியை நாளைக்குச் சொல்றேன்."

"ம்" என்றார் டெய்லர்.

மறுநாள் காலையில் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது என்றாள் நர்ஸ். ரத்தக்கட்டி என்றார் டாக்டர். உடம்பில் தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்றும் சொன்னார். தெம்பு ஏன் இல்லை என்று எழுத அவருடைய படிவத்திலும் இடமில்லை. கட்டில் பக்கத்து மேஜையில் பல்செட் இல்லை. ஆறு மணிக்கே வெள்ளைத் தள்ளுவண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தது.

எல்லாம் முடிந்து பதினாறாம் நாள், டெய்லர் இரண்டாம் நம்பர் ஜன்னலுக்குப் போனார். சட்டைப்பையில் இறப்புச் சான்றிதழின் நகல் நாலாக மடித்து இருந்தது. பல்செட்டை எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைக்கலாம் என்று நினைத்திருந்தார்.

"அடடே, வாங்க வாங்க" என்றார் குமாஸ்தா. "உங்க வீட்டம்மா போட்டோ ஆண்டறிக்கையில முதல் பக்கம் வந்திருக்கு. ஒரே ஒரு வேலை பாக்கி. பயன்பாட்டுக்குப் பிறகு உரிமையாளர் என்ன சொன்னாங்கன்னு பதியணும். கடைசியா என்ன சொன்னாங்க?"

டெய்லருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மீதியை நாளைக்குச் சொல்றேன்னு சொன்னா."

குமாஸ்தா எழுதிவிட்டு, எழுதியதைப் படித்தார். நெற்றி சுருங்கியது. "அப்போ இன்னும் முழுசா சொல்லலை."

"இல்லை."

"அப்படின்னா கோப்பை மூட முடியாதே. அவங்க வந்து மீதியைச் சொல்லணும்."

டெய்லர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ போய்ச் சேந்துட்டா சார். இங்கதான். மேல் மாடியிலதான்."

"த்சு, த்சு" என்றார் குமாஸ்தா. உண்மையாகவே வருந்தினார். "ஆனா அது வார்டு பதிவேடு. எங்க பதிவேட்டுல அவங்க இன்னும் இருக்காங்க பாருங்க." திருப்பிக் காட்டினார். 146-க்கு நேரே அவள் பெயர் முத்து முத்தாக எழுதியிருந்தது. "இறப்புச் சான்றிதழ் நகல் வச்சிருந்தா குடுங்க. பெயரை அடிச்சுட்டு, பல்லை இப்பவே கையில குடுத்துடறேன்."

டெய்லரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா என்ன, அவங்க பேர்ல மாசாமாசம் கடிதம் வரும். 'தாங்கள் நேரில் வந்து மீதியைச் சொல்லவும்'னு. அவங்க வர்ற வரைக்கும் காத்திருப்போம். அதுக்குக் காலக்கெடு எதுவும் இல்லை."

கை அங்கேயே நின்றது.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் வாரத்தில் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்து, அக்காவின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுக்கிறார். முதல் தடவை தெருவே வெலவெலத்துப்போயிற்று. சான்றிதழைக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று மேல்வீட்டுக்காரி முகத்துக்கு நேரே கேட்டாள். "ம்" என்றார் டெய்லர். அந்த "ம்" எந்த வகை என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கடிதம் வந்த மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போகிறார்.

"வாங்க" என்கிறார் குமாஸ்தா, பதிவேட்டைப் புரட்டியபடி. "இந்த மாசமும் அவங்க வரலையா?"

"இன்னைக்கு முடியலை சார்."

"பரவால்ல. அவசரம் ஒண்ணும் இல்லை. அடுத்த மாசம் வந்து சொல்லச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்கிறார் டெய்லர்.